வாழைக்கறை பட்ட வாக்குச்சீட்டு

எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு வாக்கு எண்ணிய அன்று, ஒரு சீட்டின் ஓரத்தில் வாழைக்கறை இருந்ததைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். கவனித்ததோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போயிருக்காது. நான் வாயைத் திறந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்தத் தடவை எங்கள் ஊராட்சியின் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. என் தம்பி பல வருடமாக அந்த நாற்காலிக்காகக் காத்திருந்தவன். அறிவிப்பு வந்ததும் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் தெளிந்துவிட்டான். மனைவியை நிறுத்துவது என்று முடிவாயிற்று. பேனரில் அவன் கைகூப்பிச் சிரிக்கும் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. அவள் படம் ஒரு மூலையில், ரேஷன் கார்டிலிருந்து எடுத்தது போல இருந்தது. நிற்கச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மக்களாட்சி, ரகசிய வாக்கெடுப்பு, பெண்களுக்கான இடஒதுக்கீடு இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிச் சம்பளம் வாங்கியவன். ஆனாலும் கேட்கத் தோன்றவில்லை. என் மனைவி இறந்த பிறகு எனக்கு மூன்று வேளைச் சாப்பாடும் பக்கத்து வீடான தம்பி வீட்டில்தான். சாதத்தைப் போட்டுக்கொண்டு நின்ற அவளை ஒரு முறையாவது ஏறிட்டுப் பார்த்திருந்தால் அவளுக்கு இதில் விருப்பமில்லை என்பது தெரிந்திருக்கும்.

எதிரில் நின்றவர், வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பி மெயின் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டு அம்மா. அவர் உண்மையிலேயே தானே நின்றார். தெருத்தெருவாகத் தானே நடந்து போய்க் கேட்டார். எங்களுக்குப் பூட்டு சாவி சின்னம், அவருக்கு மூக்குக் கண்ணாடி. "கண்ணாடியப் போட்டுப் பாருங்கடா, பூட்டு மட்டும்தான் இருக்கு, சாவி சின்னய்யா இடுப்புல இருக்கு" என்று டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஊருக்குச் சின்னய்யாவான தம்பி ஒரு வாரம் கொதித்தான்.

காவிரிக் கரையை ஒட்டிய படுகையில், பாகம் பிரித்தபோது என் பங்குக்கு வந்த வாழைக்கொல்லை இருக்கிறது. வண்டல் மண். அதை ஒருவர் நெடுங்காலமாகக் குத்தகைக்குப் பார்த்து வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். இலைக்காகவே வளர்க்கும் வாழை. விடிவதற்குள் கணவனும் மனைவியும் இலை அறுத்துக் கட்டுக் கட்டித் தாராசுரம் மார்க்கெட்டுக்கு மொபெட்டில் கொண்டுபோவார்கள். வாழைச்சாறு அறுத்த உடனே தண்ணீர் போலத்தான் தெரியும். காயக் காயப் பழுப்பாகும், பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. அவர் போட்ட சட்டை எல்லாவற்றிலும் அந்தக் கறை. விரல் நுனிகள் எப்போதும் கருத்திருக்கும். அவரை நான் 'அவன்' என்றுதான் நினைத்து வந்தேன், 'வாப்பா, போப்பா' என்றுதான் பேசி வந்தேன். இதை எழுதும்போதுதான் கையை நிறுத்தி 'அவர்' என்று எழுதுகிறேன்.

வாக்கு எண்ணிக்கை ஒன்றியத் தலைமையிடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மார்கழிப் பனி விலகாத காலை. நான் எங்கள் தரப்பு முகவராகக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நான்கு பதவிக்கு நான்கு நிறச் சீட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு. நிறம் பிரித்து, கட்டுக் கட்டி, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிச் சின்னம் வாரியாக அடுக்கினார்கள். மதியம் தாண்டிய பிறகு அந்தச் சீட்டு வந்தது. எண்ணும் அலுவலர் அதை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். முத்திரை மூக்குக் கண்ணாடியின் மேல் தெளிவாக விழுந்திருந்தது. கீழ் ஓரத்தில் இரண்டு விரல் பிடித்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை. முத்திரை மையில் ஐயமில்லை என்பதால் அவர் அதை எதிர்த்தரப்புக் கட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நான் அடுத்ததைப் பார்க்கவில்லை.

ஏழு ஓட்டில் தோற்றோம். அந்த ஒரு சீட்டு எங்களுக்கு விழுந்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்போம். இந்தக் கணக்கு எனக்கு அன்றே தெரியும்.

திரும்பி வரும்போது காரில் தம்பியும் நானும் பின்சீட்டில் இருந்தோம். அவன் மனைவி முன்சீட்டில். வெளியே உரக்கடைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது.

"நம்ம ஆளுங்கள்லயே எவனோ கவுத்துட்டாண்ணே" என்றான் தம்பி. "வெளியாளு போடாதது எனக்குத் தெரியும். உள்ளுக்குள்ள எவன்?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஒரு சீட்டுல கறை இருந்துச்சுடா."

"என்ன கறை?"

"வாழக்கறை மாதிரி. ஓரத்துல ரெண்டு வெரல் பட்ட எடத்துல. கண்ணாடியில குத்துன சீட்டு."

தம்பி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு தம்பி மெதுவாகக் கேட்டான். "படுகையில எல அறுக்குறானே, அவனா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"வேற எவன் வெரல்ல அந்தக் கறை இருக்கும்?"

நான் பேசவில்லை. அவன் வேறு முடிவுக்கு வர முடியாதபடி சொல்லிவிட்டுத்தான் பேசாமல் இருந்தேன். முன்சீட்டில் அவள் திரும்பவே இல்லை. களைப்பு என்று நினைத்தேன். அவள் காதில் எங்கள் பேச்சு முழுவதும் விழுந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி தேட வேண்டியதில்லை. மறுநாள் காலை குத்தகைக்காரர் எப்போதும் போல வீட்டுக்கு ஒரு கட்டு இலை கொண்டுவந்து போட்டார். "போனாப் போவுது, பெரியய்யா. மனச விட்றாதீங்க" என்றார். சொல்லும்போது தரையைப் பார்த்தார். என்னிடம் பேசும்போது அவர் என்றுமே தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்கு மட்டும் அது எனக்குக் குற்றத்தின் அடையாளமாகத் தெரிந்தது. அடுத்த நாள் அவர் வரவில்லை. வராதது ஏன் என்று யோசித்தேன். அதற்கடுத்த நாள் வந்தார். எதை மோப்பம் பிடிக்க வருகிறான் என்று யோசித்தேன். உரக்கடை வாசலில் அவர் மொபெட் நின்றதைத் தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஊரில் இருப்பதே ஒரு உரக்கடை, உரம் வாங்க வேறு எங்கே போவார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மாறாக, "அப்பவே நெனச்சேன்" என்றேன்.

வெற்றி பெற்ற அம்மா தெருத்தெருவாக நன்றி சொல்லி வந்தபோது எல்லார் வீட்டிலும் இனிப்புக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆனால் குத்தகைக்காரர் வீட்டு வாசலில் அவர்கள் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்றதாகத் தம்பியின் ஆள் ஒருவன் சொன்னான். எவ்வளவு நேரம் என்று நான் அவனைக் கேட்டேன். பேராசிரியர் என்று ஊரில் பெயர் வாங்கியவன், ஒரு வாசலில் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று விசாரித்தேன்.

டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நான் பேப்பர் படிக்கப் போயிருந்த ஒரு காலையில் குத்தகைக்காரர் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"வா கண்ணாடி!" என்றான் தம்பியின் ஆள். "மாஸ்டர், கண்ணாடிக்கு ஒரு டீ. சர்க்கர தூக்கலாப் போடு, நன்றி கொஞ்சம் கம்மியா இருக்கு அவனுக்கு."

கடையில் சிரித்தார்கள். குத்தகைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அவர் டீயைக் குடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு ஊரில் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர்.

பொங்கல் கழிந்ததும் அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து வாசற்படிக்குக் கீழே நின்றார்.

"படுகையில தென்ன வைக்கலாம்னு பாக்குறேன்ப்பா" என்றேன்.

"படுகையிலயா? தண்ணி ஏறி நின்னா தென்னம்புள்ள தாங்காதே, பெரியய்யா."

"அத நான் பாத்துக்குறேன்."

"இப்பத்தான் பக்கக்கன்னு நல்லா வந்திருக்கு. இன்னும் ரெண்டு வருசம் எல அறுக்கலாம். அதுக்கப்புறம் வைங்களேன்."

"இல்லப்பா. முடிவு பண்ணியாச்சு."

போகத் திரும்பியவர் நின்று, "ஏதாச்சும் கேள்விப்பட்டீங்களா?" என்றார்.

"என்ன கேள்விப்படணும்?"

"ஒண்ணுமில்ல. கேட்டீங்கன்னா சொல்லலாம்னு பாத்தேன்."

நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் இல்லை என்று சொல்வார், அதை நான் நம்ப வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அதுதான் உண்மை. தண்டிக்க முடிவு செய்துவிட்டவனுக்கு எதிராளியின் பதில் ஒரு தொந்தரவு.

படுகையில் தென்னை எதுவும் வைக்கவில்லை. தம்பியின் ஆளுக்குக் கொடுத்தோம். அவன் வாழைக் கட்டையை வெட்டிப்போட்டுவிட்டு வெள்ளரி போட்டான், பிறகு சும்மா போட்டான். கோரை மண்டிக் கிடந்தது. குத்தகைக்காரருக்கு ஊரில் வேறு யாரும் நிலம் தரவில்லை. சொந்தக்காரர் ஒருவர் மூலமாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பில் காவலுக்கும் வேலைக்குமாகக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் போன பிறகு தம்பி, "பாத்தீங்களாண்ணே, தப்பு செய்யாதவன் ஏன் ஊரவிட்டுப் போறான்?" என்றான். நானும் தலையாட்டினேன்.

ஐந்து வருடம் போயிற்று. பதவிக் காலம் முடிந்து அடுத்த தேர்தல் எப்போது என்று பேச்சு எழுந்தது. தலைவர் பதவி இந்தத் தடவையும் பெண்களுக்குத்தான். தம்பி மறுபடி வெள்ளை வேட்டிகளை எடுத்து வெளுக்கப் போட்டான். ஒரு மதியம் அவன் தஞ்சாவூர் போயிருந்தபோது சாப்பிட உட்கார்ந்தேன். அவன் மனைவி குழம்பை ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

"மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவரு இருக்கும்போது முடியாது."

"சொல்லும்மா."

"மறுபடி என்னையத்தான் நிறுத்தப் போறாராம். பேனருக்குப் படம் எடுக்கணும், கும்பகோணம் கெளம்புங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. வேணாம்னு சொல்லுங்க."

"ஏம்மா? போன தடவ ஏழு ஓட்டுதானே. இந்தத் தடவ ஜெயிச்சிரலாம்."

"அதுக்குத்தான் மாமா பயப்படுறேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "பக்கத்து ஊராட்சியில அந்தம்மா பட்ட பாட்டப் பாத்தீங்கள்ல? போடாத ரோட்டுக்குப் புருசன் பில்லப் போட்டான், கையெழுத்து அந்தம்மாவோடது. விசாரணைன்னு இழுத்தடிச்சப்ப அவன் கூடப் போயி நிக்கக்கூட இல்ல. இவரு இப்பவே பேங்குப் பாரத்துல என்ன ஏதுன்னு சொல்லாமத்தான் கையெழுத்து வாங்குறாரு. தலைவராயிட்டா கேக்கவா வேணும்?"

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"போன தடவயே நான் எனக்குப் போட்டுக்கல, மாமா. கண்ணாடியிலதான் குத்துனேன்."

எனக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது.

"அன்னைக்குக் காலைல என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்த?"

"என்ன பண்ணுவேன்? பூத்துக்கு வெளிய உக்காந்திருந்த ஆளுங்க எல்லாருக்கும் நம்ம வீட்டுலதானே சாப்பாடு. வந்த எலக்கட்டு பத்தல. கொல்லையில நின்ன மரத்துல நானே ஏறக்கொறைய ஒரு கட்டு அறுத்தேன். கையக் கழுவிட்டு வர்றேன்னேன். போட்டோ எடுக்க ஆள் வந்து நிக்குது வா வான்னு அப்படியே வண்டியில ஏத்திட்டாரு. முந்தானையில தொடச்சுக்கிட்டேன். ஏன் கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் என்னையே பார்த்தாள். "படுகைக்காரருக்கு நடந்தது எனக்குத் தெரியும், மாமா. அப்ப வாயத் தொறக்கத் தைரியம் இல்ல" என்றாள்.

கறை யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் குத்தகைக்காரர் பெயர் தெளியும், இவள் பெயர் கெடும். தம்பி கைநீட்டுகிறவன் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் ஒருவரோடு பேசாமல் ஒரே வீட்டில் இருக்கத் தெரிந்தவன். எங்கள் அம்மாவோடு அப்படி இருந்தவன்.

குத்தகைக்காரரிடமாவது சொல்லி, நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தஞ்சாவூர் போய்ப் பட்டுக்கோட்டை பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ். புயலில் விழுந்த தோப்புகளில் வைத்த புதுத் தென்னைகள் ஆள் உயரத்துக்கு மேல் வந்திருந்தன. விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். தோப்புக்குள் தகரக் கொட்டகை. குத்தகைக்காரர் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க" என்றார். பெரியய்யா என்ற சொல் இல்லை.

அவர் மனைவி ஒரு இளநீரை வெட்டி என் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்தார்.

"அந்த ஓட்டு நீ போட்டதில்லன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுப்பா" என்றேன்.

"எந்த ஓட்டு?"

சீட்டைப் பற்றி, கறையைப் பற்றி, காரில் நான் சொன்னதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இதுக்குத்தானா?" என்றார். "எவனோ டீக்கடையில போட்டுக் குடுத்துட்டான்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்ப சொன்னது நீங்களா?"

"நான்தான்."

"அது யாரு சீட்டு?"

"அத நான் சொல்ல முடியாது."

"சரி, விடுங்க. அது யாரு சீட்டா இருந்தா என்ன?" மறுபடி உட்கார்ந்து ஒரு மட்டையை எடுத்தார். "நானும் கண்ணாடியிலதான் குத்துனேன். நான் கையக் கழுவிட்டுப் போனேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த ஒரு கணம், 'அப்படியானால் நாங்கள் செய்தது சரிதானே' என்று எனக்குத் தோன்றியது. குற்றமற்றவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். அவர் குற்றமற்றவர் இல்லை என்று சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி, ஒரு கோபம் இரண்டும் சேர்ந்து எழுந்தன. ஓட்டுப் போட்டதைக் குற்றம் என்று நினைத்ததுதான் தப்பு, ஆளை மாற்றிப் பிடித்தது அல்ல என்பது அந்த இளநீரைக் குடித்து முடிக்கும்போதுதான் உறைத்தது.

"ஏன்ப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்தம்மா எங்க தெருவுக்கு வந்தாங்க. வூட்டுக்கு வூடு நின்னு கேட்டாங்க. நீங்க யாரும் வரல. சின்னய்யா வண்டி எங்க தெரு முக்குல வந்து திரும்பிப் போச்சு. இவனுங்க நம்ம ஆளுங்கதானேன்னு."

வாசலில் இருந்து அவர் மனைவி சொன்னார். "ஒங்க கொல்லையில அறுத்த எலய ஒங்க வூட்டுக்குக் குடுத்தோம். ஓட்டும் ஒங்க கொல்லையிலதான் வெளஞ்சுதுன்னு நெனச்சீங்களா?"

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? கண்ணாடி பொண்டாட்டி, கண்ணாடி பொண்டாட்டின்னு கடையில சாமான் குடுக்கமாட்டான். இவரு பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறச்சுக்கிட்டாராம்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நெலத்தத் திருப்பித் தர்றேன். வாங்க" என்றேன். அவரை 'வாங்க' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

அவர் மட்டையை வைத்தார். "நான் போடலன்னு நெனச்சுத்தானே தர வந்தீங்க? போட்டேன்னு சொல்லியாச்சு. இப்பவும் தருவீங்களா?"

"தர்றேன்."

"அப்ப எழுத்துல குடுங்க. தாலுக்கா ஆபீசுல குத்தகைப் பதிவுல எம் பேர ஏத்துங்க. அடுத்த எலக்சன் வருது. மறுபடி எவன் கையில என்ன கறையப் பாப்பீங்களோ."

எங்கள் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் எதற்கு வேண்டுமானாலும் சம்மதிப்பார்கள், குத்தகைப் பதிவுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டார்கள். பதிவில் பேர் ஏறிவிட்டால் குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாது. அவர் கேட்டது அதுதான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"யோசிங்க" என்றார். பஸ் நிற்கும் இடம் வரை கூட வரவில்லை.

திரும்பி வரும் வழி முழுக்கச் சந்தேகம். பதிவு கேட்கச் சொல்லி அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? உரக்கடைக்காரரா? நான் வருவேன் என்று முன்பே தெரிந்து வைத்திருந்தாரா? உண்மையிலேயே கண்ணாடியில் குத்தினாரா, இல்லை என்னைச் சோதிக்க அப்படிச் சொன்னாரா? ஒரத்தநாடு வருவதற்குள் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு உள்நோக்கம் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் பல நாள் இதே வேலை. கையெழுத்துப் போடாமல் இருப்பதற்குக் கிடைத்த காரணம் ஒவ்வொன்றும், மொபெட் உரக்கடை வாசலில் நின்றதைப் போன்ற காரணம்தான் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் சில நாள் இழுத்தடித்தேன். பிறகு சரி என்று சொல்ல அவருக்குப் போன் செய்தேன்.

தாலுக்கா அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்ததும் காப்பி சாப்பிடலாமா என்று கேட்டேன். "இல்ல சார், பஸ்சு போயிரும்" என்றார். சார் என்று அவர் என்னை அழைத்ததில் வெறுப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. தாலுக்கா அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவரையும் அப்படித்தான் அழைத்தார்.

அவர் திரும்பி வந்து கோரையை அழிக்க ஆரம்பித்த அன்றே செய்தி தம்பிக்குப் போய்விட்டது. மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவள் ரசப் பாத்திரத்தோடு நின்றாள்.

"பதிவே பண்ணிக் குடுத்துட்டீங்களாமே?"

"ஆமாடா."

"நமக்கு எதிரா ஓட்டுப் போட்டவனுக்கு."

"ஓட்டுக்கும் நெலத்துக்கும் என்னடா இருக்கு?"

"இத நீங்களா சொல்றீங்க? காருல கறை கறைன்னு ஆரம்பிச்சது யாரு?" அவன் என்னை உற்றுப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. வாசற்படிக்குக் கீழே நின்றவரை நான் அப்படித்தான் பார்த்தேன். "அண்ணே, கறைன்னு ஒண்ணு இருந்துச்சா? வேற யாரும் பாக்கலையே. நீங்க கண்ணாடியில போட்டத மறைக்க அவன் தலையில கட்டுனீங்களா? இப்ப மனசு உறுத்தி நெலத்தக் குடுக்குறீங்களா?"

எதிர்பாராத கேள்வி. ஆனால் அவன் கணக்கில் எல்லாம் பொருந்தித்தான் இருந்தது. என் நடத்தை முழுவதும் அதற்குச் சாட்சி சொன்னது. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் கறை யாருடையது என்பது. நான் தலையைத் தூக்காமல், "யாரு போட்டா என்னடா இப்ப?" என்றேன்.

"புரிஞ்சுபோச்சு" என்று எழுந்தான்.

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை பேசுவாள் என்று நான் எதிர்பார்த்தேன், பேசியிருந்தால் அவளைத் தடுத்திருக்கவும் மாட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் என் இலைக்கு ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது நான் கடைத்தெரு மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். தம்பி பேசுவதில்லை. கூடப்பிறந்தவனே எதிராக ஓட்டுப் போடும்போது ஊரில் யாரை நம்பி நிற்பது என்று சொல்லி, இந்தத் தடவை மனைவியை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

போன வாரம் மெஸ்ஸுக்குப் போகும் வழியில் அவளைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், நல்லா இருக்கீங்களா மாமா என்றாள். முகத்தில் ஐந்தாறு வயது குறைந்திருந்தது. அதிலிருந்து ஒரு யோசனை என்னை விடவில்லை. அன்று மதியம் தம்பி இல்லாத நேரம் பார்த்து அவள் என்னிடம் சொன்னது மனம் பொறுக்காமல் சொன்னதா? சொன்னால் நான் பட்டுக்கோட்டைக்கு ஓடுவேன், நிலத்தைக் கொடுப்பேன், பழி என் மேல் விழும், தன் பெயர் பேனரிலிருந்து போகும் என்றெல்லாம் முன்கூட்டியே பார்த்துச் சொன்னதா? காரில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாளா? அந்தச் சீட்டில் குத்தியதே அவள்தான் என்பதற்கு அவள் வார்த்தையைத் தவிர என்ன சாட்சி?

நேரில் கேட்டிருக்கலாம். பஸ் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. நான் கேட்கவில்லை. அவள் எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.